பூட்டி முடியாத கார்

ஸ்காபரோ வீட்டை விற்பது என்று முடிவானதும் மகள் முதலில் கேட்டது, கராஜில் நிற்பதை என்ன செய்யப் போகிறீர்கள் என்பதுதான். வீட்டிலிருந்த மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் இருந்தது. அந்தக் காரை மட்டும் எங்கள் வீட்டில் யாரும் கார் என்று சொல்வதில்லை. மகள் 'அது' என்பாள். கணவர் 'உம்மட சாமான்' என்பார். மருமகன் மரியாதை கருதி 'மாமியின்ட புரொஜெக்ட்' என்பார்.

நான் கனடாவுக்கு வந்து நீண்ட காலம் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தேன். கார்க் கதவின் உட்பக்கத்தில் பொருத்திப் பூட்டும் பலகைகளைச் செய்யும் இடம் அது. என்னுடைய வேலை இடப்பக்க முன்கதவு. பலகை பெல்ட்டில் வரும், அதில் கைப்பிடியை வைத்து நான்கு ஸ்குருக்களை முடுக்க வேண்டும், அது போய்விடும், அடுத்தது வரும். வலப்பக்கக் கதவு வேறொரு வரிசையில், சுவருக்கு அந்தப் பக்கம் ஓடியது. முழுக்காரை அங்கே யாரும் பார்த்ததில்லை. அது வேறு எங்கோ, வேறு ஊரில், வேறு ஆட்கள் பூட்டுகிற பொருள்.

என்னோடு வேலை செய்த ஒரு மனிதர், டிரினிடாட்காரர், வேலையை விட்டு மேற்கே தன் மகனிடம் போவதற்கு முன் வீட்டுச் சாமான்களை விற்றார். ஒரு மேசை பார்க்கப் போனேன். அவருடைய கராஜில் பெரிய மரப்பெட்டிகளும், இரும்புக் குழாய்களை ஒட்டிச் செய்த நீளமான ஒரு சட்டமும் கிடந்தன. என்ன என்று கேட்டேன். கிட் கார் என்றார். இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, கூரையில்லாத, பழைய பாணிச் சிறிய கார். கம்பனி பாகங்களைப் பெட்டிகளில் அனுப்பும், வாங்குகிறவர் தானே பூட்டிக்கொள்ள வேண்டும். எஞ்சினையும் கியர்பொக்ஸையும் உடைந்த வேறொரு காரிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அவர் சட்டத்துக்குப் பெயின்ட் அடித்ததோடு நிறுத்தியிருந்தார். கூட வந்த வழிகாட்டிப் புத்தகத்தைப் புரட்டினேன். முதல் பக்கத்தில் வெறும் சட்டம், கடைசிப் பக்கத்தில் முழுக்கார். மேசையை வாங்காமல் அதை வாங்கினேன்.

ஏன் என்று பின்னர் பலர் கேட்டார்கள். கேட்டவருக்கு ஏற்றபடி பதில் சொன்னேன். கோயிலில் கேட்ட ஒரு அன்ரிக்கு, 'சும்மா இருக்க ஏலாமல் கிடக்கு' என்றேன். அவ அதை ஏற்றுக்கொண்டா.

கணவர் நகரப் பேருந்து ஓட்டுபவர். அவர் அதை எதிர்க்கவும் இல்லை, ஆதரிக்கவும் இல்லை. வேலை முடிந்து வந்தால் வாகனம் என்ற சொல்லே அவருக்கு வேண்டாம். எங்கள் காரின் எண்ணெயைக்கூட வெளியில் கொடுத்துத்தான் மாற்றுவார். நான் கராஜில் இருந்தால் சமையலறைக் கதவைத் திறந்து, 'இஞ்சேரும், தேத்தண்ணி வேணுமோ' என்று கேட்பார். கோப்பையைப் படியில் வைத்துவிட்டுப் போவார். படிக்குக் கீழே அவர் இறங்கியதில்லை.

தொழிற்சாலை மூடப்பட்ட பிறகு வேலை வேகமாக நடந்தது. பின் அச்சைப் பூட்டினேன். எஞ்சினை வாடகைக்கு எடுத்த தூக்கியால் இறக்கினேன். பிறகு ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை கிடைத்தது, வேகம் குறைந்தது. வீட்டை விற்ற சமயத்தில் காருக்கு நான்கு சில்லுகள் இருந்தன. ஸ்டியரிங்கின் தண்டு பூட்டப்படாமல் இருந்தது. இருக்கை இல்லை. பிரேக்குக்கான குழாய்கள் சுருட்டியபடி பெட்டியில் இருந்தன. பைபர்கிளாஸ் உடம்பின் பின்பாதி சட்டத்தில் பொருந்தியிருந்தது, முன்மூக்கும் மட்கார்டுகளும் விருந்தினர் அறைக் கட்டிலுக்குக் கீழே இருந்தன.

வீடு விற்றதற்குக் காரணம் எளிமையானது. மகள் பிள்ளை பெறப்போகிறாள். அவளும் மருமகனும் அஜக்சில் ஒரு வீடு பார்த்திருந்தார்கள். எல்லோரும் ஒன்றாக இருந்தால் பிள்ளையையும் பார்க்கலாம், பெரிய வீடாகவும் எடுக்கலாம் என்றார்கள். எனக்கும் கணவருக்கும் அது சரியாகவே பட்டது.

'அம்மா, ப்ளீஸ், அதை வித்துப்போடுங்கோ' என்றாள் மகள். 'ஐ மீன், அங்கயும் ஒரு கராஜ்தான். ஸ்னோவுக்குள்ள நான் பேபியோட காரை வெளியில விட ஏலாது.'

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. விளம்பரம் போடச் சம்மதித்தேன்.

ஒரே ஒருவர்தான் பார்க்க வந்தார். றிச்மண்ட் ஹில்லில் இருந்து, நல்ல தோல் ஜாக்கெட் போட்ட தமிழர், ஐம்பது வயதிருக்கும். கராஜ் கதவைத் திறந்துவிட்டு நான் ஒரு பக்கமாக நின்றேன். கணவரும் அன்றைக்கு லீவு என்பதால் வந்து கதவுக்கு வெளியே நின்றார். வந்தவர் காரைச் சுற்றி நடந்தார், குனிந்து பார்த்தார், பிறகு கணவரிடம் திரும்பினார்.

'அண்ணை, வெல்டிங் எல்லாம் ஆரிட்டைச் செய்விச்சனீங்கள்?'

'எனக்குத் தெரியாது.'

'நல்லாய் வந்திருக்கு. பிறகேன் நிப்பாட்டினீங்கள்?'

'நான் தொடங்கவே இல்லைத் தம்பி. அவவிட்டைக் கேளுங்கோ.'

அவர் என்னைப் பார்த்தார். சிரித்தார். பகிடி என்று நினைத்திருக்க வேண்டும். சட்டம் ஒட்டியே வந்தது, எஞ்சின் தாங்கிகளை மட்டும் நான் வெட்டி மாற்றினேன் என்று சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு மறுபடியும் கணவரிடமே பேசினார். எஞ்சினும் கியர்பொக்ஸும் மட்டும் தனக்குப் போதும், மிச்சத்தை இரும்புக்குப் போடலாம் என்றார்.

'இல்லை' என்றேன்.

'அக்கா, உதை ஆரும் முழுசாய் எடுக்க மாட்டினம்.'

'அப்ப இருக்கட்டும்.'

அவர் போன பிறகு கணவர் கராஜ் கதவை இறக்கினார். இரவுச் சாப்பாட்டின்போது, மகளுக்குக் கேட்கக்கூடியதாக, 'உது எங்களோடைதான் வருது' என்றார். மகள் தட்டைப் பார்த்தாள். மருமகன் கராஜின் நீளத்தை அளந்து பார்ப்பதாகச் சொன்னார்.

வீட்டுச் சாமான் ஏற்றுகிற கம்பனிக்காரர்கள் காரை ஏற்ற மறுத்துவிட்டார்கள். இழுவை வாகனம் வைத்திருப்பவர்களைக் கூப்பிட்டேன். எல்லோரும் முதலில் கேட்டது நம்பர் பிளேட். இல்லை என்றேன். பிறகு கேட்டது பிரேக். அதுவும் இல்லை என்றேன். ஒருவர், 'அப்ப என்னதான் அன்ரி இருக்கு?' என்று கேட்டார். நான் நேர்மையாக ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன், அவர் இடையில் தொடர்பைத் துண்டித்துவிட்டார். கடைசியில் மார்க்கம் வீதிப் பிளாசா இறைச்சிக் கடைக்காரர் எனக்கு ஒரு ட்ரக்காரரைச் சொன்னார். தட்டையான தளத்தைப் பின்னால் சரித்து இறக்கி, கம்பிக்கயிற்றால் வாகனத்தை மேலே இழுத்து ஏற்றுகிற ட்ரக் வைத்திருப்பவர். அவர் அதிகம் கேட்கவில்லை. 'சில்லு உருளுமோ? ஸ்டியரிங் திரும்புமோ?' என்று மட்டும் கேட்டார். சில்லு உருளும், ஸ்டியரிங் திரும்பச் செய்கிறேன் என்றேன்.

அடுத்த இரண்டு சனி ஞாயிறும் ஸ்டியரிங் தண்டைப் பூட்டுவதில் போயின. பூட்டிய பிறகு வட்டத்தைத் திருப்பினேன். முன்சில்லுகள் திரும்பின. பலகாலம் திசை இல்லாமல் நின்ற பொருள் அது. தனியாகத்தான் நின்றேன், யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை. பிரேக்கையும் பூட்டிவிடலாம் என்று நினைத்தேன், ஆனால் அதற்குள் சமையலறையைப் பெட்டிகளில் கட்ட வேண்டியிருந்தது.

கட்டும்போது ஒரு தவறு நடந்தது. காரின் சிறுபாகங்களை ஐஸ்கிரீம் வாளிகளில் போட்டு, வாளிகளைப் பெட்டிகளில் அடுக்கி, பெட்டியில் முன், பின், இடம், வலம் என்று எழுதியிருந்தேன். மருமகனும் அவருடைய நண்பர்களும் அதை வீட்டின் முன், வீட்டின் பின் என்று விளங்கிக்கொண்டார்கள். முன்மூக்கைப் பூட்டும் போல்ட்டுகள் அஜக்ஸ் வீட்டு வரவேற்பறையில் பல நாட்கள் இருந்தன. கியர்பொக்ஸின் சில துண்டுகளை நான் பின்கட்டில், தோட்டச் சாமான்களோடு கண்டெடுத்தேன்.

வீடு மாறிய நாள் மார்ச் மாதத்துக் கடைசி. பகலில் உருகி இரவில் இறுகுகிற காலம். காலையில் எங்கள் ட்ரைவ்வே பார்க்க ஈரம் போலத்தான் இருந்தது, கால் வைத்தால் கண்ணாடி. நான் உப்புப் போட்டேன். வழி செங்குத்தானது, கராஜிலிருந்து வீதிக்கு ஒரே இறக்கம். பக்கத்து வீட்டுக்காரரின் புற்றரையில், பனி அள்ளும் வண்டி மாதக்கணக்காகத் தள்ளிவிட்ட அழுக்குப் பனி குவியலாக நின்றது.

ட்ரக்காரர் வந்தார். பருத்த மனிதர், தலையில் கம்பளித் தொப்பி. ட்ரக்கை வீதியில் நிறுத்திவிட்டு நடந்து மேலே வந்து வழியைப் பார்த்தார், பிறகு அதற்கு மேலே தாழ்ந்து நின்ற மேப்பிள் மரத்துக் கொப்பைப் பார்த்தார்.

'அண்ணை, நான் உதுக்குள்ள ஏற ஏலாது' என்று கணவரிடம் சொன்னார். 'கொப்பு முட்டும். நீங்கள் கீழே உருட்டிக்கொண்டு வந்தால் நான் இழுத்து ஏத்துவன்.'

'என்னட்டைச் சொல்லாதேங்கோ' என்றார் கணவர். 'இஞ்சை, இவதான் எஞ்சினியர்.'

ட்ரக்காரர் என் பக்கம் திரும்பி, அதே வசனத்தை அதே மாதிரி எனக்கும் சொன்னார். மனிதர் பிழையில்லை என்று நினைத்தேன்.

அவருடைய கம்பிக்கயிறு கீழேயிருந்து இழுக்கும், மேலேயிருந்து பிடித்து வைக்காது. பிரேக் இல்லாத காரை இறக்கத்தில் விட வேண்டுமென்றால் மேலேயிருந்து யாராவது பிடிக்க வேண்டும். நான் தடித்த நைலோன் கயிறு ஒன்று வாங்கி வைத்திருந்தேன். அதைக் காரின் முன்பக்கச் சட்டத்தில் கட்டி, வீட்டு வாசற்படியின் இரும்புக் கைப்பிடித் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றி, மறுநுனியை நானும் மருமகனும் பக்கத்து வீட்டுக்காரரும் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது என்பது திட்டம். தூண் பாரத்தைத் தாங்கும், எங்கள் கைகள் வேகத்தை மட்டும் பார்த்தால் போதும். கார் கராஜில் மூக்கைச் சுவருக்குக் கொடுத்து நின்றதால் பின்பக்கமாகத்தான் இறங்கும். உள்ளே ஒருவர் இருந்து பின்னால் பார்த்துத் திருப்ப வேண்டும்.

நானே இருப்பதாக இருந்தேன். ஆனால் கணவருக்கு நாரி நோ. பேருந்து ஓட்டுகிற பலருக்கும் வருகிற இடுப்பு நோதான், கயிறு பிடித்து இழுக்கக் கூடாது.

'நீங்கள் உள்ளுக்கை இருங்கோ' என்றேன். 'நான் கயித்திலை நிக்கிறன்.'

'எதிலை இருக்கிறது?'

பால் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, அதன் மேல் பழைய சோபாத் தலையணையைக் கட்டி வைத்தேன். அவர் சட்டத்துக்கு மேலால் ஒரு காலைத் தூக்கிப் போட்டு, பிறகு மற்றக் காலைக் கையால் தூக்கி வைத்து ஏறினார். ஜாக்கெட்டோடு அந்தச் சிறிய இடத்துக்குள் இறுகி இருந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்து இடமும் வலமும் திருப்பிப் பார்த்தார்.

'எத்தினை சுத்து?'

'இஞ்சாலையும் அங்காலையும் ஒண்டரை ஒண்டரை.'

'சரி' என்றார். 'பின்னாலை ஒருத்தரும் நிக்க வேண்டாம்.' அதை அவர் பேருந்தில் சொல்கிற குரலில் சொன்னார். எல்லோரும் விலகினார்கள். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

முதலில் எல்லாம் நினைத்தபடி நடந்தது. கார் கராஜிலிருந்து வெளியே வந்தது. வாங்கி வந்த பிறகு அதை முழுப் பகல் வெளிச்சத்தில் நான் பார்த்தது அதுதான் முதல்முறை. கராஜ் விளக்கில் கறுப்பாகத் தெரிந்த சட்டம் உண்மையில் கடும் பச்சை. கயிறு தூணில் முனகியபடி நழுவியது. கார் வழியின் கால்வாசி தூரம் இறங்கியது. அப்போது தூண் அடியோடு கழன்று வந்தது.

எத்தனையோ பனிக்காலம் படிகளில் போட்ட உப்பு அந்த இரும்பின் அடியைத் தின்றிருந்தது. மேலே பெயின்ட் நன்றாகத்தான் இருந்தது. தூண் கயிற்றோடு பறந்து வந்து படியில் விழுந்தது. எங்கள் கைகளுக்கு முழுப்பாரமும் ஒரேயடியாக வந்தது. மருமகன் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து, இருந்தபடியே சிறிது தூரம் இழுபட்டார். பக்கத்து வீட்டுக்காரர் கயிற்றை விட்டார். நானும் விட்டேன், விட்டேன் என்பதைவிட அது என் கையுறைகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

'அப்பா!' என்று மகள் கத்தினாள்.

'பின்னாலை பாருங்கோ!' என்று நான் கத்தினேன். அவர் ஏற்கனவே பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

கீழே நேரெதிரே ட்ரக்கின் சரித்து வைத்த இரும்புத் தளம். அதில் அந்த வேகத்தில் ஏறினால் கார் நேரே போய் ட்ரக்கின் முன்கூட்டில் அடித்து நிற்கும். ட்ரக்காரர் ஒரு பக்கமாகப் பாய்ந்து, 'அண்ணை! அண்ணை!' என்று கூப்பிட்டார். கணவர் ஒரு கையைப் பின்னால் காரின் உடம்பின் மேல் ஊன்றி, முழுவதும் திரும்பிப் பார்த்தபடி, மற்றக் கையால் ஸ்டியரிங்கை அமைதியாக ஒரு சுற்றுச் சுற்றினார். அவசரப்பட்டுத் திருப்பவில்லை. கார் தளத்தின் விளிம்புக்குப் பக்கத்தால் வளைந்து, நடைபாதையைக் கடந்து, பக்கத்து வீட்டுப் பனிக்குவியலுக்குள் பின்பக்கமாகப் போய்ப் புதைந்தது. பெரிய சத்தம் இல்லை. அழுக்குப் பனி சரிந்து அவருடைய மடியில் விழுந்தது.

நான் ஓட முடியாமல், புல்லுப் பக்கமாகப் போய் இறங்கினேன். அவர் அசையாமல் இருந்தார். முகம் வெளிறியிருந்தது. வலது கை ஸ்டியரிங்கின் நடுவில் இருந்த வெறும் ஓட்டையை அமத்தியபடி இருந்தது.

'உங்களுக்கு ஏதும் பட்டதோ?'

'இதுக்கு ஹோர்ன் இல்லையோ?' என்று கேட்டார்.

'இன்னும் பூட்டேல்லை.'

'அதுதான் பாத்தன், அமத்துறன் அமத்துறன் சத்தத்தைக் காணேல்லை.'

அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நிற்கவில்லை. மகள் வந்து அவருடைய தொப்பியிலிருந்த பனியைத் தட்டினாள், அழுதாள், இருவரையும் ஏசினாள், எல்லாம் ஒரே மூச்சில், பாதி ஆங்கிலத்தில். மருமகன் நொண்டியபடி வந்து, தனக்கு ஒன்றுமில்லை என்று யாரும் கேட்பதற்கு முன்பே சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் தன் புற்றரையைப் பற்றி எதுவும் பேசாமல் பனி அள்ளும் சவல் ஒன்று எடுத்து வந்தார்.

ட்ரக்காரர் மூச்சு வாங்கியபடி நின்றார்.

'அண்ணை, நீங்கள் என்ன வேலை?'

'பஸ் ஓட்டுறன்.'

'அதுதானே பாத்தன்' என்றார்.

கணவரை இரண்டு பேர் பிடித்துத் தூக்கி வெளியே எடுத்தார்கள். அவர் நாரியைப் பிடித்தபடி நிமிர்ந்து, காரைத் திரும்பிப் பார்த்தார்.

'இஞ்சேரும்' என்றார் என்னிடம். 'ஸ்டியரிங் நல்ல நேராய் இருக்கு. சொன்னதைக் கேக்குது.'

அந்தக் கார் பற்றி அவர் சொன்ன முதல் அபிப்பிராயம் அது. நான் 'ஓம்' என்றேன். குனிந்து பின் அச்சைப் பார்த்தேன், வளையவில்லை. உடம்பின் பின்மூலையில், பைபர்கிளாஸில், ஒரு முழ நீளத்துக்கு வெடிப்பு விட்டிருந்தது. விளக்குத் தாங்கி ஒன்று மடங்கியிருந்தது. அவ்வளவுதான்.

பனியைக் கிண்டி எடுத்த பிறகு ட்ரக்காரர் வண்டியைத் திருப்பி நிறுத்தி, கம்பிக்கயிற்றைக் கொழுவி, காரை மெதுவாகத் தளத்தில் ஏற்றினார். நான்கு சில்லுகளையும் பட்டிகளால் இறுக்கிக் கட்டினார். ஒவ்வொரு பட்டியையும் கட்டிய பிறகு என்னைப் பார்த்தார். நான் இழுத்துப் பார்த்துத் தலையாட்டினேன். அதற்குப் பிறகு அவர் கணவரிடம் எதையும் கேட்கவில்லை.

காலி வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்து, கதவைப் பூட்டித் திறப்பைக் கொடுத்தோம். நாங்கள் எங்கள் காரில் ட்ரக்குக்குப் பின்னால் போனோம். பின் ஆசனத்தில், கட்டிலுக்குக் கீழே இருந்த முன்மூக்கு, போர்வை சுற்றி, இருக்கைப் பட்டி போட்டு இருந்தது. 401 நெடுஞ்சாலையில் ஏறியதும் எல்லோரும் எங்களைக் கடந்து போனார்கள். கணவர் ட்ரக்கை முந்தவுமில்லை, அதிலிருந்து விலகவுமில்லை, ஒரே இடைவெளியில் ஓட்டினார்.

எங்களுக்கு முன்னால், கண் மட்டத்துக்குச் சற்று மேலே, காரின் அடிப்பக்கம் தெரிந்தது. வழக்கமாக யாரும் பார்க்காத பக்கம். சிறிது தூரம் போன பிறகு அவர் கேட்டார்.

'அந்த நடுவிலை பூசணிக்காய் மாதிரிக் கிடக்கிறது என்ன?'

'அது டிஃபரன்ஷல். எஞ்சின்ட சுத்தை ரண்டு சில்லுக்கும் பிரிச்சுக் குடுக்கிறது.'

'பஸ்ஸிலையும் இருக்கோ?'

'ஓம். எல்லாத்திலையும் இருக்கு.'

'இவ்வளவு காலம் ஓட்டுறன்' என்றார். பிறகு, 'அந்தக் குழாய்?'

'புகைக் குழாய்.'

'அது தெரியும். பக்கத்திலை மெல்லிசாய்.'

'அதுதான் பிரேக்குக்குப் போற குழாய் வரவேண்டிய இடம். குழாய் இல்லை, கிளிப் மட்டும்தான்.'

'அதை முதல் பூட்டும்' என்றார்.

நாங்கள் பேருந்து, பிள்ளை, கோயில், வீட்டுக்கடன் பற்றியெல்லாம் பேசுகிற தம்பதிதான், பேசாதவர்கள் இல்லை. ஆனால் அஜக்ஸ் வரைக்கும் ஒரு வாகனத்தின் அடிப்பக்கத்தைப் பற்றியே பேசிக்கொண்டு போனது அன்றைக்குத்தான். கையில் கயிறு உரசிய இடம் எரிந்தது. அவர் ஒரு கையை நாரியில் ஊன்றியபடி ஓட்டினார்.

அஜக்ஸ் வீட்டின் முன்வழி சமதரை. அங்கே காரை இறக்கி உள்ளே தள்ள எந்தச் சிரமமும் இருக்கவில்லை. சிரமம் இடத்தில்தான் இருந்தது. மகளின் காரும் பிள்ளைத் தள்ளுவண்டியின் பெட்டியும் என் காரும் ஒரே கராஜில் நிற்க வேண்டும். மருமகன் அளந்து, சுவரில் இருந்த தட்டுகளைக் கழற்றி, என் காரைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினார். ஒரு பக்கத்தால் மட்டும்தான் வேலை செய்யலாம். மற்றப் பக்கத்துக்குப் போக வேண்டுமென்றால் காரைத் தள்ளி வெளியே எடுக்க வேண்டும். மகள் அதற்கும் ஒரு நிபந்தனை போட்டாள். பெயின்ட், தின்னர் போன்ற மணக்கிற வேலை எதுவும் பிள்ளை பிறந்த பிறகு கூடாது.

வெடிப்பை அதனால் உடனேயே ஒட்டினேன். ஏப்ரலில், கராஜ் கதவைத் திறந்துவைத்து, வாசலில் நின்றபடி துணியும் பிசினும் வைத்துத் தேய்த்தேன். தேய்த்து முடிந்த பிறகும் விரலால் தடவினால் தெரியும்.

பேத்தி மே மாதம் பிறந்தாள். அதன் பிறகு சில வாரங்கள் கராஜுக்குள் நான் போகவே இல்லை. வீட்டில் எல்லோருக்கும் நித்திரை தலைகீழாகிவிட்டது. மகளுக்குப் பிள்ளைப்பேற்றுச் சரக்கு அரைத்துக் கறி வைத்தேன், துணி தோய்த்தேன், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். பழைய வீட்டை நினைக்க நேரமில்லை. யாராவது ஸ்காபரோவை விட்டு வந்தது கவலையா என்று கேட்டால் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கவலை இருக்கவில்லை, பேக்கரியில் நல்ல பாண் வாங்கத் தூரம் போக வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஜூன் கடைசியில் பிரேக் குழாய்களை வளைத்துப் பூட்டினேன். பூட்டிய பிறகு எண்ணெய் ஊற்றி, குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். அது ஒருவரால் செய்யக்கூடிய வேலை இல்லை. ஒருவர் மிதிக்க வேண்டும், மற்றவர் சில்லுக்குப் பின்னால் இருக்கும் எண்ணெய் வடிக்கும் சிறு நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மருமகனைக் கேட்கலாம் என்று இருந்தேன். கணவர் தேத்தண்ணியோடு வந்து படியில் நின்றார். நான் என்ன செய்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். கோப்பையைப் படியில் வைத்துவிட்டு இறங்கி வந்தார்.

இந்த முறை அவர் ஏறுவதற்கு உண்மையான இருக்கை இருந்தது, ஒரு பழைய காரிலிருந்து கழற்றியது. நான் தரையில் படுத்தேன்.

'அமத்துங்கோ.'

'அமத்திப்போட்டன்.'

'விடாதேங்கோ.' நிப்பிளைத் திறந்தேன். எண்ணெயோடு குமிழிகள் வந்தன. மூடினேன். 'இப்ப விடுங்கோ.'

'விட்டிட்டன்.'

'திரும்ப.'

ஒரு சில்லுக்குப் பல தடவை, பிறகு அடுத்த சில்லு. சுவரோரச் சில்லுகளுக்காகக் காரைத் தள்ளி வெளியே எடுத்தோம். அங்கேயும் அதே பேச்சு, அமத்துங்கோ, விடாதேங்கோ, விடுங்கோ. எதிர்வீட்டுப் பெண் நாயோடு போனவள் நின்று பார்த்தாள். முதலில் மிதி அடிவரை அமிழ்ந்தது என்றார் அவர். பிறகு பாதியில் நின்றது. பிறகு, 'இப்ப கல்லு மாதிரி இருக்கு' என்றார்.

நான் எழும்பிக் கையைத் துடைத்தேன். அவரை உள்ளே இருக்கச் சொல்லி, பின்னால் நின்று காரை வீதிப் பக்கமாகத் தள்ளினேன். சமதரைதான், ஆனாலும் உருண்டது. 'இப்ப' என்றேன். அவர் மிதித்தார். கார் நின்றது. நான் அதன் மேல் மோதிக்கொண்டேன்.

'இன்னொருக்காத் தள்ளும்' என்றார். தள்ளினேன். மறுபடியும் நிறுத்தினார். இப்படியே வீதி முனைவரை போய், அங்கிருந்து திரும்பவும் தள்ளிக்கொண்டு வந்தோம். திரும்பும்போது இடம் மாறினோம். நான் உள்ளே இருந்தேன், அவர் நாரியை யோசித்துக் கையால் தள்ளாமல், முதுகைக் கொடுத்துப் பின்பக்கமாக நடந்து தள்ளினார்.

எஞ்சின் இன்னும் ஓடவில்லை. வயர்களை இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன். நிறங்கள் வழிகாட்டியில் ஒரு மாதிரியும் கையில் வேறு மாதிரியும் இருக்கின்றன. சோதனைக்குக் கொண்டுபோய், பதிந்து, பிளேட் எடுக்க இன்னும் நிறைய வேலை இருக்கிறது. சில கிழமைகளில் ஒரு வயர்கூடப் போடுவதில்லை. கணவர் ஓய்வு பெறுவதற்குக் கடிதம் கொடுத்துவிட்டார். பகலில் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்து கராஜ் படியில் இருப்பார். நான் கேட்டால் இறங்கி வந்து விளக்கைப் பிடிப்பார், பிள்ளை நித்திரை என்றால் மட்டும்.